திரையை அளவுகோலாக்கியவர்: ஹோவர்ட் வோலம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு சி.ஆர்.ஓ., அதாவது மின்சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் என்றதும் நினைவுக்கு வருவது நிற்காமல் ஓடும் அலைதான். சிக்னல் ஜெனரேட்டரைக் கோத்தவுடன் பச்சைக் கோடு திரையில் ரயில் மாதிரி ஓடும். லேப் அசிஸ்டென்ட் வந்து 'ட்ரிகர் லெவல்' என்று எழுதிய குமிழை லேசாகத் திருப்புவார். அலை டக்கென்று நிற்கும். அப்புறம்தான் கட்டங்களை எண்ணி, ஒரு கட்டத்துக்கு இத்தனை மில்லி வினாடி என்று பெருக்கி, அதிர்வெண்ணை நோட்டில் எழுதுவோம்.

அந்தக் குமிழையும் கட்டக் கணக்கையும் உலகத்தின் ஒவ்வொரு லேபுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒருவரின் பங்கு மிகப் பெரியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரில் 1913-ல் பிறந்த ஹோவர்ட் வோலம். ஆசிலாஸ்கோப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதன் இதயமான, எலெக்ட்ரான் கதிரால் திரையில் ஒளிப்புள்ளி போடும் கேத்தோடு கதிர்க் குழாயை ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-லேயே செய்துவிட்டார். 1930-களில் அமெரிக்கக் கடைகளில் ஸ்கோப் விலைக்கே கிடைத்தது. அப்படியென்றால் வோலம் செய்தது என்ன? படம் காட்டும் கருவியாக இருந்ததை, எண் சொல்லும் கருவியாக மாற்றினார். அந்த எண்ணை நம்பலாம் என்ற நிலைக்குக் கொண்டுவர மீதி வாழ்நாளைக் கொடுத்தார். இந்த ஆய்வில் நான் பார்க்கப்போவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும்தான்.

ரேடியோ கடையில் ஒரு இயற்பியல் பட்டதாரி

வோலம் போர்ட்லேண்டின் ரீட் கல்லூரியில் 1936-ல் இயற்பியல் பட்டம் பெற்றார். மாணவனாக இருந்தபோதே தன் கையால் ஒரு ஆசிலாஸ்கோப் செய்து பார்த்தவர். ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். பட்டம் கையில் இருந்தது, அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. அதே ஊரில் ஜாக் மர்டாக் என்ற இளைஞர் ரேடியோவும் வீட்டுச் சாதனங்களும் விற்கும் கடை வைத்திருந்தார். வோலத்தைவிட நான்கு வயது சின்னவர். அந்தக் கடையின் பழுதுபார்க்கும் பகுதியை வோலம் ஏற்றுக்கொண்டார்.

இது அவர் வாழ்க்கையில் வீணாய்ப் போன காலம் என்று நான் நினைக்கவில்லை. பழுது பார்ப்பவருக்கு மீட்டர் காட்டும் எண்மேல் சந்தேகம் வரும். வால்வு கெட்டதா, கெப்பாசிட்டர் கசிகிறதா, அல்லது மீட்டரே பொய் சொல்கிறதா என்று ஒவ்வொரு செட்டிலும் முடிவு செய்தாக வேண்டும். கருவி பொய் சொன்னால் நல்ல பாகத்தைக் கழற்றி எறிவோம், கெட்ட பாகம் உள்ளேயே இருக்கும். பின்னாளில் வோலம் வடிவமைத்த கருவிகளைப் பார்க்கும்போது, இந்த வலியை அனுபவித்த ஒருவர் செய்தது என்று தெரியும்.

ரேடார் கற்றுக்கொடுத்தது

இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல் கோரில் சேர்ந்த வோலத்தை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிரிட்டிஷ் பொறியாளர்களோடு சேர்ந்து நுண்ணிய பிரித்தறிதல் கொண்ட ரேடாரில் வேலை. பிறகு அமெரிக்கா திரும்பி, நியூஜெர்சியின் எவன்ஸ் சிக்னல் ஆய்வகத்தில், எதிரியின் மோர்ட்டார் குண்டு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ரேடாரில் வேலை. இந்த இரண்டுக்கும் சேர்த்து 'லீஜியன் ஆஃப் மெரிட்' விருது இரண்டு முறை கிடைத்தது.

ரேடார் என்பது அடிப்படையில் நேரத்தை அளக்கும் தொழில். துடிப்பு ஒன்றை அனுப்பி, எதிரொலி வரும்வரை எத்தனை மைக்ரோ வினாடி ஆனது என்று பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோ வினாடி தவறினால் தூரம் 150 மீட்டர் தவறும். இங்கே அலையின் அழகான வடிவம் மட்டும் போதாது. திரையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் எத்தனை மைக்ரோ வினாடி என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். ரேடாரின் திரைகள் இதைச் செய்தன. ஆனால் லேப் மேசைமீது சாதாரணப் பொறியாளர் வாங்கி வைக்கும் ஸ்கோப்புகளுக்கு இது வரவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய வோலத்தின் மனதில் இருந்த இடைவெளி இதுதான்.

511: ஒரு மாற்றம், அதன் கணக்கு

பழைய ஸ்கோப்பின் குறை என்னவென்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒளிப்புள்ளியை இடமிருந்து வலமாக இழுக்க, சீராக ஏறிச் சட்டென்று விழும் ஒரு ரம்பப்பல் அலை வேண்டும். புள்ளியின் இந்த ஓட்டத்துக்குத்தான் ஸ்வீப் என்று பெயர். பழைய வகையில் இந்த அலையை உண்டாக்கும் சர்க்யூட் தன்பாட்டுக்கு ஓயாமல் ஓடும். பார்க்க வேண்டிய சிக்னலோடு அதை இழுத்துப் பிடித்து ஒத்திசைய வைப்பார்கள். சிக்னல் சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் படம் நிற்கும். ஆனால் ஒத்திசைவுக் குமிழைத் திருகத் திருக ஸ்வீப்பின் வேகமும் கூடவே மாறும். படம் நின்றுவிட்டது, சரி. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மைக்ரோ வினாடி? அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

துடிப்புகளுக்கு இது இன்னும் மோசம். வினாடிக்கு 1000 முறை வரும் துடிப்பு ஒன்று, அகலம் 1 மைக்ரோ வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 1000 மைக்ரோ வினாடி. அந்தச் சுற்று முழுவதையும் 10 சென்டிமீட்டர் திரையில் விரித்தால், துடிப்புக்குக் கிடைக்கும் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒளிக்கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். துடிப்பு அங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதன் ஏறுமுகம் சாய்ந்திருக்கிறதா, உச்சியில் நடுங்குகிறதா என்றெல்லாம் பார்க்கவே முடியாது.

ட்ரிகர் ஸ்வீப்பில் ஒளிப்புள்ளி ஓடாது, காத்திருக்கும். சிக்னல் குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தத்தைத் தாண்டிய கணத்தில் புறப்படும். தனக்கு நிர்ணயித்த வேகத்தில் ஒரே ஓட்டம் ஓடி, இடது ஓரத்துக்குத் திரும்பி, அடுத்த துடிப்புக்காக மறுபடி காத்திருக்கும். சிக்னல் எத்தனை முறை வந்தாலும், ஒழுங்கில்லாமல் வந்தாலும், ஓட்டத்தின் வேகம் மாறாது. அந்த வேகத்தைக் குமிழின் பக்கத்தில் எண்ணாக அச்சடித்துவிடலாம். மேலே சொன்ன துடிப்பை ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோ வினாடி என்ற வேகத்தில் ஓட்டினால் அது திரையின் 10 சென்டிமீட்டரையும் நிரப்பும்.

போர் முடிந்த கையோடு வோலமும் மர்டாக்கும் இன்னும் இருவரும் சேர்ந்து போர்ட்லேண்டில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயர் டெக்ராட். கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய அதே உச்சரிப்பில் வேறொரு நிறுவனம் இருந்ததால் 1946-ல் டெக்ட்ரானிக்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். ராணுவத்தில் மிஞ்சிய பாகங்களை மலிவாக வாங்கி வேலையை ஆரம்பித்தார்கள். வோலம் செய்த முதல் மாதிரி நன்றாகவே அளந்தது. ஆனால் மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அதைப் பிரித்து, ஒரு பெட்டிக்குள் அடங்கும்படி மறுபடி கட்டினார்.

அப்படி வந்ததுதான் மாடல் 511. 1947 மே மாதம் முதல் கருவி ஆரிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்குப் போனது. விலை 795 டாலர். 10 மெகாசைக்கிள் (இன்றைய மெகா ஹெர்ட்ஸ்) வரை பார்க்கும் திறன், ட்ரிகர் ஸ்வீப், ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோ வினாடி வரை குறித்துத் தந்த நேர அளவு. முதல் வாடிக்கையாளர் ரேடியோக்காரர்களோ ராணுவமோ அல்ல, மருத்துவப் பள்ளி என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உடலிலிருந்து வரும் மின்துடிப்பு ரேடியோ அலைபோலத் தாளம் தவறாமல் வராது. வரும்போதுதான் வரும். அதற்காகக் காத்திருந்து பிடிக்கிற ஸ்கோப் தேவைப்படுகிற இடம் அது.

511-ல் விட்டுப்போன ஒன்று உண்டு. சிக்னல் எல்லையைத் தாண்டிய பிறகு ஸ்வீப் புறப்படக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் துடிப்பின் ஏறுமுகம் கடந்து போய்விடும். அதாவது பொறியாளர் பார்க்க விரும்பும் இடமே திரையில் விழாது. இதற்கு வந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை ஸ்வீப்பை எழுப்ப அனுப்புவது. மற்றொரு கிளையை டிலே லைன் என்ற நீண்ட பாதையில் சுற்றவிட்டு, கால் மைக்ரோ வினாடி தாமதமாகத் திரைக்குக் கொண்டுவருவது. அதற்குள் ஸ்வீப் புறப்பட்டிருக்கும், ஏறுமுகம் முழுசாகத் தெரியும். 511-க்குப் பின் வந்த 511ஏடி என்ற மாடலில் இது இருந்தது.

எண்ணை நம்ப வைப்பது எது

நேரத்தை எண்ணாகக் குறிப்பது எளிது. இன்றைக்கும் அடுத்த மாதமும் அதே எண்ணைக் காட்ட வைப்பதுதான் கஷ்டம். லைன் வோல்டேஜ் இறங்கினால் குழாயில் எலெக்ட்ரான்களின் முடுக்கம் குறையும். முடுக்கம் குறைந்தால் கதிர் அதிகமாக வளையும், படம் பெரிதாகத் தெரியும். ஆகவே உள்ளே இருக்கும் மின்னழுத்தங்களைக் கட்டுப்படுத்தி நிலையாக வைத்தாக வேண்டும். ஸ்வீப்பை உண்டாக்கும் கெப்பாசிட்டர் சாதாரணமாக நிரம்பினால் ஆரம்பத்தில் வேகமாகவும் கடைசியில் மெதுவாகவும் ஏறும். திரையின் இடப்பக்கச் சென்டிமீட்டருக்கு ஒரு நேரம், வலப்பக்கச் சென்டிமீட்டருக்கு வேறு நேரம் என்று ஆகிவிடும். அதை நேர்க்கோடாக்க, மாறாத மின்னோட்டத்தால் நிரப்ப வேண்டும். இப்படி ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று முன்னால் வந்து நிற்கும்.

இந்தச் சங்கிலியை வோலத்தின் நிறுவனம் கடைசிக் கண்ணிவரை பின்தொடர்ந்தது. கதிர்க் குழாய்களை வெளியில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 1950-களில் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். கடைகளில் கிடைத்த குழாயின் துல்லியம் போதாது என்பதுதான் காரணம். டிரான்ஸ்ஃபார்மர்களையும் தாங்களே சுற்றினார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டதைவிட, பழுதுக்கு வந்த டெக்ட்ரானிக்ஸின் ஒரு பழைய 540 வரிசை ஸ்கோப்பைத் திறந்தபோது புரிந்துகொண்டதுதான் அதிகம். மூடியைக் கழற்றினால் உள்ளே அச்சுப் பலகை கிடையாது. நெடுக வெள்ளைப் பீங்கான் பட்டைகள் வரிசையாக நிற்கும். அதன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெட்டுகள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி கிடக்கும். ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் வெள்ளிப் பூச்சு, பாகத்தின் கால் அதில் படுத்திருக்க, மேலே பளபளக்கும் ஈயம். பீங்கானில் மின்கசிவு மிகக் குறைவு. பாகங்கள் காற்றில் தொங்குவதால் தேவையில்லாத கெப்பாசிட்டன்ஸும் குறைவு. எந்தப் பாகத்தையும் பக்கத்துப் பாகத்தைத் தொடாமல் கழற்றலாம்.

என்னிடம் வந்த கருவியில் இரண்டு வெட்டுகள் மொட்டையாக இருந்தன. முன்பு யாரோ சாதாரணச் சால்டர் வைத்துப் பலமுறை பற்றவைத்திருக்கிறார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த அந்தச் சால்டர் உருகும்போது பூச்சிலிருக்கும் வெள்ளியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை சூடாக்கினால் போதும், பீங்கான்மேல் ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. கம்பி ஆடிக்கொண்டு நின்றது. சரியான வழி, ஏற்கெனவே கொஞ்சம் வெள்ளி கலந்த சால்டரால் பற்றவைப்பது. மூன்று சதவீதம் வெள்ளி போதும், பூச்சைத் தின்னாது. இது எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தேன். சட்டத்தின் உள்பக்கத்தில், ஒரு சின்னச் சுருளில், அதே வெள்ளிச் சால்டர் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து கருவியோடு சேர்த்தே அனுப்பியது. என்றைக்கோ, எந்த ஊரிலோ, யாரோ ஒருவர் இதைத் திறந்து பழுது பார்ப்பார், அவர் கைக்கு இது எட்ட வேண்டும் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். ரேடியோ கடையில் வேலை பார்த்த மனிதர் தலைமை தாங்கிய நிறுவனம் என்பதை அந்தச் சுருளைத் தொட்டபோதுதான் உணர்ந்தேன்.

அதே கருவியின் டிலே லைனில் திருகித் திருத்தும் குட்டிக் குட்டி டிரிம்மர் கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். சதுர அலை ஒன்றை உள்ளே விட்டு, அதன் உச்சி மேசைப் பலகை மாதிரி தட்டையாகும்வரை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருப்பினால் உச்சியில் ஒரு சின்னப் பள்ளம் நகரும். அடுத்ததைத் திருப்பினால் அது மேடாகும். பொறுமையாக ஒருநாள் உட்கார்ந்தால்தான் வரும். விற்பனைக்குப் போன ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார்.

வேகமும் வெளிச்சமும்

1950-களின் தொடக்கத்தில் அணு இயற்பியல் ஆய்வகங்களின் தேவை 10 மெகாசைக்கிளைத் தாண்டிப் போய்விட்டது. அங்கே ஒரு துடிப்பு ஒரே முறை வரும், சில நானோ வினாடியில் முடிந்துவிடும். மறுபடி வராது. இரண்டு சிக்கல்கள். ஒன்று, வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அவ்வளவு வேகம் கிடையாது. வால்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் பெருக்கம் கூடும், ஆனால் அவற்றின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து கூடி வேகத்தைக் கொன்றுவிடும். இன்னொன்று வெளிச்சம். ஒளிப்புள்ளி அந்த வேகத்தில் ஒரே ஒரு முறை ஓடினால் திரையில் பூசிய பாஸ்பர் ஒளிர நேரமே கிடைக்காது.

முதல் சிக்கலுக்கு வழி பிரிட்டனின் வில்லியம் பெர்சிவல் 1930-களில் சொன்ன யோசனையில் இருந்தது. வால்வுகளின் கெப்பாசிட்டன்ஸையே காயில்களோடு சேர்த்து ஒரு டிலே லைனாக மாற்றிவிடுவது. சிக்னல் ஒவ்வொரு வால்வாகத் தொட்டுக்கொண்டே போகும், பலன் மறுமுனையில் ஒன்றாகக் கூடும். கெப்பாசிட்டன்ஸ் கூடாது, பெருக்கம் மட்டும் கூடும். 1948-ல் இதைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்களில் ஒருவர் பில் ஹியூலெட். பின்னாளில் ஸ்கோப் சந்தையில் வோலத்துக்குப் பெரிய போட்டியாக வந்த அதே ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் ஹியூலெட்தான்.

டெக்ட்ரானிக்ஸ் இந்த வகை ஆம்ப்ளிஃபயரை வைத்து 517 என்ற ஸ்கோப்பைச் செய்தது. துடிப்பின் ஏற்றத்தை 7 நானோ வினாடி வரை காட்டியது. அந்த நேரத்தில் ஒளியே இரண்டு மீட்டர் சொச்சம்தான் போகும். வெளிச்சத்துக்காகக் குழாய்க்கு 24,000 வோல்ட் கொடுத்தார்கள். பவர் சப்ளை தனிப் பெட்டி, எல்லாம் சேர்த்துத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

1954-ல் வந்த 530 வரிசையைத்தான் பலர் இந்த நிறுவனத்தின் அடையாளமாகச் சொல்கிறார்கள். முன்பக்கத்தில் ஒரு சதுரக் குழி, அதில் செருகிக் கழற்றும் பெட்டி. மில்லி வோல்ட் பார்க்க ஒன்று, இரண்டு சிக்னலை ஒன்றாகப் பார்க்க ஒன்று என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 535-ல் இரண்டாவது ஸ்வீப்பும் இருந்தது. முதல் ஸ்வீப் ஒரு நீண்ட வரிசையைக் காட்டும், அதில் எந்த இடம் வேண்டுமோ அதை மட்டும் இரண்டாவது ஸ்வீப் விரித்துக் காட்டும். கம்ப்யூட்டர் செய்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆயிரம் துடிப்புகளில் எது தவறியது என்று தேடுவதுதானே அவர்களுடைய அன்றாட வேலை. அடுத்து வந்த 545, 30 மெகாசைக்கிள் வரை போனது.

இந்தக் கருவிகளையெல்லாம் வோலம் தனி ஆளாகச் செய்யவில்லை. ரிச்சர்ட் ரோபிகே, ஜான் கோபி, கிளிஃப் மோல்டன் போன்ற பொறியாளர்களின் கை இதில் நிறைய இருக்கிறது. வோலம் 1971 வரை தலைவராக இருந்தும் சர்க்யூட்டை விட்டு விலகவில்லை.

அந்த நிறுவனத்தின் நடைமுறையைப் பற்றி நிறைய எழுதலாம், நான் சுருக்கமாக விடுகிறேன். தலைவர் முதல் தொழிலாளி வரை எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வருகையைப் பதிவு செய்யும் கடிகாரம் கிடையாது. லாபத்தில் ஒரு பங்கு ஊழியர்களுக்குப் போனது. இந்த நடைமுறையைக் கொண்டுவந்ததில் மர்டாக்கின் கை அதிகம். டிரிம்மர் வரிசையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவசரப்பட்டால் கருவி கெடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நடைமுறைக்கும் அளவீட்டின் துல்லியத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

நகல்கள்

கருவி நன்றாக இருந்ததற்கு ஒரு கசப்பான சாட்சியும் உண்டு. அமெரிக்க அரசே டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்புகளின் நகல்களை வேறு நிறுவனங்களிடம் செய்யச் சொல்லி வாங்கியது. அந்நாட்டுச் சட்டப்படி, அரசுக்காகச் செய்யும் ஒப்பந்தக்காரரை காப்புரிமை வைத்திருப்பவர் தடுக்க முடியாது. அரசிடம் நஷ்டஈடு கேட்டு மட்டுமே வழக்குப் போடலாம். டெக்ட்ரானிக்ஸ் 1961-ல் வழக்குப் போட்டது. பத்து வருடம் கழித்து, 1971-ல் நீதிமன்றம் சில காப்புரிமைகள் செல்லும் என்றும் அவை மீறப்பட்டன என்றும் தீர்ப்புச் சொன்னது. தன் வாழ்க்கையில் இத்தனை காலம் ரேடாருக்கும் ராணுவத்துக்கும் கொடுத்த ஒருவர், தன் அரசோடே பத்து வருடம் வாதாட வேண்டியிருந்தது என்பது படிக்கும்போதே மனதைக் கனக்கச் செய்கிறது.

அதே 1971-ல் மர்டாக் கொலம்பியா ஆற்றில் நடந்த கடல்விமான விபத்தில் இறந்தார். வோலமும் அந்த ஆண்டில் தலைவர் பொறுப்பிலிருந்து இறங்கினார். தான் படித்த ரீட் கல்லூரிக்கும், ஆரிகனில் முதுநிலை அறிவியல் கல்வி வர வேண்டும் என்ற முயற்சிக்கும் நிறையக் கொடுத்தார். 1986 பிப்ரவரியில் போர்ட்லேண்டில் காலமானார்.

இன்று விற்கும் டிஜிட்டல் ஸ்கோப்பில் வால்வு இல்லை, பீங்கான் பட்டை இல்லை, கதிர்க் குழாயும் இல்லை. ஆனால் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் முன்பக்கத்தில் ஒரு சின்ன உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலை அதில் வரும். வோலத்தின் 500 வரிசைக் கருவிகளின் முன்பக்கத்திலும் இதே வேலைக்குச் சதுர அலை தரும் ஒரு கேலிபரேட்டர் உண்டு. வேலையைத் தொடங்குமுன், சிக்னலை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் ப்ரோபை அதில் மாட்டி, அலையின் மூலை கூராக நிற்கிறதா, உருண்டிருக்கிறதா, மேலே துள்ளுகிறதா என்று பார்ப்போம். உருண்டிருந்தால் ப்ரோபிலுள்ள சின்னத் திருகைக் கால் சுற்று திருப்புவோம். மூலை நிமிரும். அப்புறம்தான் கட்டத்தை எண்ணத் தொடங்குவோம்.